டின் விழாமல் ஒரு சுற்று

நடந்தவை, வரிசைப்படி:

1. ஊரைவிட்டுப் போன ஒரு சுரங்க அதிகாரியிடமிருந்து என் தாய்மாமா ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினார். பச்சை நிறம், இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிக்கொள்ளலாம். மாமாவுக்கு, கோலார் தங்கச் சுரங்கங்களை ஒட்டிய ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை. அந்தக் காரில் ஒரு துணி மூட்டைக்குக்கூட இடமில்லை.

2. மாமா ஆட்டோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். மைதானத்தில் வெள்ளையடித்த மண்ணெண்ணெய் டின்களை வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு காராக அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரு சுற்று வரவேண்டும். குறைந்த நேரத்தில் வருபவருக்குக் கோப்பை. டின் விழுந்தால் தண்டனையாக விநாடிகள் சேரும்.

3. மாமா போன சுற்றில், நின்ற டின்களைவிட விழுந்த டின்கள் அதிகம்.

4. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் சேலை கேட்பதற்கு முன் டின் கேட்டார்கள்.

5. கல்லாவில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, அதாவது மாமாவின் மனைவி, தீர்ப்புச் சொன்னார். அடுத்த போட்டியில் ஒரு டின்கூட விழாமல் மாமா சுற்றி வந்தால் கார் இருக்கலாம். ஒன்றே ஒன்று விழுந்தாலும் கார் விற்கப்படும். பெங்களூரில் அதை வாங்க ஆள் தயார்.

6. மாமா என்னைத் தேடி வந்தார்.

என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. பெங்களூரில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு, சுரங்கத்தின் டிராயிங் ஆபீசில் படம் வரைகிறேன். எங்கள் குடும்பத்தில் இயந்திரத்தைப் பற்றி யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும், அது தையல் மிஷினாக இருந்தாலும், என்னிடம்தான் வரும். இன்னொரு காரணத்தை மாமா வாய்விட்டுச் சொல்லவில்லை. பேத்தமங்களா ஏரிச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரை ஓட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். எனக்கு ஓட்டத் தெரிந்த ஒரே கார் அது. விற்றுவிட்டால் நானும் நடராஜா சர்வீஸ்தான்.

“பாரும்மா, நான் நல்லாதான் திருப்பறேன். வண்டிதான் திரும்பமாட்டேங்குது. இன்னான்னு பாரு” என்றார் மாமா.

எல்லா ஓட்டுநர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் போய்ப் பார்த்ததில் மாமா சொன்னது பாதி உண்மை. முன்னால் இருந்த ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் பேருக்குத்தான் இருந்தது. பின்னால் பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. முன் சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் நிற்கும்போது கால் பெருவிரல்கள் கொஞ்சம் உள்பக்கம் பார்க்கலாம், வெளிப்பக்கமும் பார்க்கலாம். காரின் முன் சக்கரங்களும் அப்படித்தான். உள்பக்கம் பார்த்தால் நேர்ச் சாலையில் கார் அலையாமல் போகும். டின்களுக்கு நடுவே சட்டென்று திரும்ப வேண்டுமானால் ஒரு நூல் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மாமாவின் கார் அரை அங்குலத்துக்கும் மேல் உள்பக்கம் பார்த்தது.

இது தனியாளாகச் செய்யும் வேலை இல்லை. மாமாவின் கடைக்குப் பின்வீட்டில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியாக ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டுக்கு எங்கள் ஊரில் கேஜ் என்று பெயர். அந்தக் கேஜைப் பராமரிக்கிற ஃபிட்டர் அவர். குரல் அடுத்த தெருவரை போகும். தன்னைக் கேட்காமல் பூமி சுற்றுவதே அவருக்குச் சம்மதமில்லை. அவரைக் கூப்பிடலாமா என்று நாங்கள் பேசி முடிக்கும் முன்பே சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டார்.

“இன்னா மொதலாளி, டின்னுங்கள பழிவாங்கப் போறோமா?”

“நீ வேற ஆரம்பிக்காத. வண்டிய பாரு.”

“பாத்துட்டேன். போட்டியன்னிக்கே பாத்தேன். ஊரே பாத்துச்சு.”

கடைக்குப் பின்னால் இருக்கும் துணிக் கிடங்கில் இடம் ஒதுக்கினோம். சிமென்ட் தரை. ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பித் தரை மட்டம் பார்த்தேன். ஒரு மூலை தாழ்ந்திருந்தது. சேலைத் துணி சுற்றி வரும் அட்டைகளை அடுக்கி அந்தச் சக்கரத்தை உயர்த்தினோம். அடுத்து, முன் சக்கரங்கள் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தம் இஷ்டத்துக்கு நகர்ந்து நிற்க வேண்டும். அதற்கென்று தட்டுகள் உண்டு, கோலாரில் கிடையாது. தெருமுனைப் படிப்பகத்திலிருந்து இரண்டு கேரம் போர்டுகளை ஃபிட்டர் அண்ணன் தூக்கி வந்தார். போர்டைத் தரையில் வைத்து, பவுடர் தூவி, அதன்மேல் ஒரு தகரத் தட்டு, தட்டின்மேல் சக்கரம். கார் பனிக்கட்டியில் நிற்பதைப் போல வழுக்கியது. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. போர்டுகளின் பின்னாலேயே கேரம் ஆடுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கிடங்கு வாசலில் நின்றுகொண்டு, சிவப்புக் காயை யார் போடப்போகிறது என்று விசாரித்தார்கள்.

சக்கர விளிம்பின் முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்து, இடது வலது புள்ளிகளுக்கு நடுவே அளந்தேன். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் சக்கரம் எங்கே பார்க்கிறது என்பதற்கு விடை. சாயங்காலம் பூமிக்குக் கீழே வெடி வைக்கும் நேரத்தில் குண்டு லேசாக நடுங்கும். அப்போது எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். நடுக்கம் நின்றதும் ஃபிட்டர் அண்ணன், “ம், முடிச்சுட்டானுங்க, அள” என்பார்.

இதெல்லாம் காலிக் காரில் செய்து பயனில்லை. ஓட்டுகிறவர் ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்கும், அளவுகள் மாறும். அதனால் மாமாவின் எடை சீட்டில் இருக்க வேண்டும். மாமாவைப் பக்கத்து மளிகைக் கடையின் மூட்டைத் தராசில் நிறுத்தி எடையைக் குறித்துக்கொண்டேன். ஆனால் மாமா ஓர் இடத்தில் உட்காரும் ஜன்மம் இல்லை. ஒரு வாடிக்கையாளர் குரல் கேட்டால் ஓடிவிடுவார்.

“ஆளு எதுக்கு?” என்றார் ஃபிட்டர் அண்ணன். “ஆள வெச்சு டெஸ்ட் பண்ணா எங்க ஷாஃப்ட்ல வேலையே போயிடும். லோடு வெச்சுதான் பாக்கணும். எடைய சொல்லு தங்கச்சி, நான் ஏத்தறேன்.”

நான் எடையைச் சொன்னேன். அவர் வேட்டிப் பொதிகளையும் சேலைப் பொதிகளையும் எடை போட்டு ஓட்டுநர் சீட்டில் அடுக்கினார். அடுக்கு ஸ்டீயரிங்குக்கு மேல் எழுந்து நின்றது. வலது முன்பக்கம் நன்றாகத் தாழ்ந்தது. அதைச் சமப்படுத்த வலது முன் ஸ்பிரிங்குக்கு மேல் தடிமனான பேக்கிங் வளையம் ஒன்றை வைத்தோம். ஷாக் அப்சார்பருக்குக் கெட்டியான எண்ணெய் ஊற்றினோம். முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராட் என்ற கம்பியைத் திருகித் திருகி, ஒரு நூல் வெளியே பார்க்கும்படி சக்கரங்களை வைத்தோம். கடைசி அளவை எடுத்தபோது நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. வரைபடத்தில்கூட அவ்வளவு அழகாக எனக்கு வந்ததில்லை. அத்தை எட்டிப் பார்த்து, “இத்தன பொதிய ஏத்திக்கினு பூதிகோட்டை சந்தைக்கு போனாலாவது நாலு காசு பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அன்று காலையில் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே இருக்கும் பொட்டலில் ஒத்திகை பார்த்தோம். நாங்களே சில டின்களைக் கொண்டுபோய் வைத்தோம். மாமா கிளம்பினார்.

வலது பக்கம் திரும்பச் சொன்னால் சொல்லி முடிப்பதற்குள் கார் திரும்பியது. பின்பக்கம் சாம்பல் நிறப் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு வட்டமடித்தது. இடது பக்கம் திரும்பச் சொன்னபோது முன் சக்கரங்கள் மட்டும் திரும்பின. கார் நேராகப் போய் டின்னைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி ஓட்டினார். மறுபடி அதே. வலப்பக்கம் பம்பரம், இடப்பக்கம் எருமை.

மாமா இறங்கி வந்து டின்னின் நசுங்கலை நிமிர்த்தினார். “பெங்களூர்காரன் சாயந்தரமே வரேன்னு சொல்லி அனுப்பிகீறான்” என்றார்.

நான் காரைச் சுற்றி நடந்தேன். மாமா மறுபடி ஏறி உட்கார்ந்தார். வலது முன் மட்கார்ட் இடது மட்கார்டைவிட உயரமாக இருந்தது. ஆள் உட்கார்ந்த பக்கம் தாழ வேண்டும், இது தூக்கிக்கொண்டு நின்றது. நாற்காலியின் ஒரு காலுக்குக் கீழே கட்டை வைத்தால் எப்படி எதிர் மூலைக் காலும் அதுவும் மட்டுமே பாரத்தைத் தாங்குமோ, அப்படி வலது முன்சக்கரமும் இடது பின்சக்கரமும் பாரத்தை வாங்கிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஒரு பக்கம் பம்பரம், ஒரு பக்கம் எருமை.

“அண்ணே, சீட்டுல எவ்ளோ எடை வெச்சீங்க?”

“நீ சொன்னதுதான்.”

“நான் சொன்னது அவ்வளவேதானா?”

“நீ சொன்ன எடைக்கு கேஜ் கணக்கு.”

“கேஜ் கணக்குன்னா?”

“இன்னா தங்கச்சி தெரியாத மாதிரி கேக்கறே. ஆளு எடை எவ்ளோவோ அதப்போல ரெண்டு மடங்கு லோடு. ரெண்டு மடங்கு தாங்கினாதான் ஆள ஏத்தணும். பதினஞ்சு வருசமா அப்டிதான் ஏத்தறேன். கை அதுவா போகுது.”

ஆக, எங்கள் கிடங்கில் அந்தச் சீட்டில் இரண்டு மாமாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மாமாக்களுக்கு அந்தக் கார் கச்சிதமாக இருந்தது. என் மேஜையிலும் கேஜ் சோதனைப் படங்கள் வருவதுண்டு. சீட்டில் அந்தப் பெரிய குவியலைப் பார்த்தபோது எனக்கும் அது வழக்கமான அளவாகத்தான் தெரிந்தது. வேறு எந்த ஊரில் இந்தத் தவறைச் செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் செய்திருக்கமாட்டார்கள். அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மாமாவுக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. ஃபிட்டர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“சிரிங்க சிரிங்க. ஆனா சீட்டு தாங்கிச்சா இல்லையா?” என்றார்.

போட்டிக்குள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். இந்த முறை பொதி வேண்டாம், மாமாவே உட்காரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

காரைக் கிடங்குக்குக் கொண்டுவந்தோம். ஃபிட்டர் அண்ணன் ஜாக்கியும் கையுமாக வலது ஸ்பிரிங்கை இறக்கி, பேக்கிங்கை எடுத்துவிட்டு, பாதித் தடிமனைவிடக் குறைவாக ஒன்றைத் தேடி வைத்தார். கேரம் போர்டுகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் மறுபடி வந்தார்கள். மாமாவை ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்து, இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைக்கச் சொல்லி, அசையக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

அன்று கடையில் நல்ல கூட்டம். கிடங்குக்கும் கடைக்கும் நடுவே ஒரு கதவுதான். அத்தை கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார்.

“இந்த ஊதா கரைய எங்க வெச்சீங்க?”

மாமா கழுத்தைத் திருப்பினார். குண்டு ஆடியது.

“மாமா, திரும்பாதீங்க.”

“திரும்பாம எப்டிம்மா பேசறது?”

“முன்னாடி பாத்தே பேசுங்க.”

மாமா காரின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, “மேல் தட்டு, ரெண்டாவது அடுக்கு” என்று கத்தினார். சேலை வாங்க வந்த ஓர் அம்மாள் கதவு வழியாக எட்டிப் பார்த்து, “இன்னாத்துக்கு அவர கட்டிப் போட்டுகீறீங்க?” என்று கேட்டார். “எடை பாக்கறாங்க” என்றார் அத்தை. அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. பிறகு சேலை வாங்க வந்தவர்கள் எல்லோருமே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. அத்தை தட்டோடு வந்து நின்றார். நான் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தை, மாமா போட்டிக்கு முன்னாடி சாப்பிடுவாரா, முடிஞ்சா?” என்று கேட்டேன்.

“ஏன், உங்க மாமாவுக்கு சோறு போட்டா வண்டி கோணிக்குமா?”

“சாப்பிட்டு ஓட்டறதா இருந்தா, சாப்பிட்டப்புறம் அளக்கணும்.”

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கார் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு உருண்டை பிடித்து மாமாவுக்கு ஊட்டினார். மாமா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்தார். கேரம் ஆட்டக்காரர்கள் விசில் அடித்தார்கள். ஃபிட்டர் அண்ணன் காருக்கு அடியில் படுத்தபடி, “எனக்கும் ஒரு உருண்டை இருக்குதா அக்கா?” என்று கேட்டார். ஒன்று போனது.

ஊட்டிக்கொண்டே அத்தை கேட்டார்: “இந்த கம்பிய திருவுனா அந்த சக்கரம் எப்டி திரும்புது?” நான் டை ராடைக் காட்டினேன். “அப்ப ரெண்டையும் சேத்துதான் திருவணும்?” ஆமாம் என்றேன். “ம்” என்றார், அடுத்த உருண்டையைப் பிடித்தார்.

கடைசி அளவு: நான்கு மூலைகளும் கிட்டத்தட்ட சமம், ஒரு நூல் வெளியே. இந்த முறை சீட்டில் ஒரே ஒரு மாமா, சாப்பிட்ட மாமா.

பொட்டலில் கூட்டம் கூடியிருந்தது. பெங்களூரிலிருந்து கார்கள் வந்திருந்தன. அத்தை கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். டின் விழுவதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. எங்களுக்குப் பக்கத்தில், எல்லா டின்களும் தெரியும் இடமாகப் பார்த்து நின்றார்.

மாமாவின் முறை வந்தது. கொடி இறங்கியது.

முதல் வளைவு இடப்பக்கம். கார் மூக்கை உள்ளே விட்டு, டின்னை ஒட்டினாற்போல் திரும்பிப் போயிற்று. அடுத்தது வலப்பக்கம், பின்பக்கம் கொஞ்சமாக வழுக்கி, தானே நேரானது. பிறகு வரிசையாகப் பாம்பு வளைவுகள். இடது, வலது, இடது, வலது. பச்சைக் கார் டின்களுக்கு நடுவே தையல் ஊசி மாதிரி போய்க்கொண்டிருந்தது. நான் வரைந்த எதுவும் அதுவரை ஓடி நான் பார்த்ததில்லை. கோடுகள் கோடுகளாகவே சுருட்டப்பட்டு அலமாரிக்குப் போகும். இது ஓடியது. என் கையை யாரோ நசுக்குகிறார்கள் என்று பார்த்தால் அத்தை. காரோடு சேர்ந்து அவரும் இடமும் வலமும் சாய்ந்துகொண்டிருந்தார். வலது கால் தரையில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

கார் முடிவுக் கோட்டைத் தாண்டியது. ஒரு டின்கூட விழவில்லை. நானும் ஃபிட்டர் அண்ணனும் குதித்தோம்.

ஆனால் மாமா நிற்கவில்லை. கார் அவ்வளவு இஷ்டப்படி திரும்பியதில் அவருக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. யாரும் கேட்காத இரண்டாவது சுற்றுக்குக் கிளம்பிவிட்டார். நடுவர் விசில் ஊதினார், மாமாவின் காதில் விழவில்லை. எங்களைத் தாண்டிப் போகும்போது அத்தையைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். மிச்சமிருந்த ஒரு கையால் அந்த வளைவைத் திருப்ப முடியவில்லை. டங் என்று ஒரு டின் எகிறிப் போய் விழுந்தது.

மாமா காரை நிறுத்திவிட்டு அங்கிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு ஓடிவந்தார். “அது கணக்குல வராது. ரவுண்டு முடிஞ்சு போச்சு. நடுவர கேளு.”

நடுவரும் அதையேதான் சொன்னார். சுற்று சுத்தம், தண்டனை இல்லை.

“முடிஞ்சப்புறம் விழுந்தது டின்னே இல்லக்கா” என்றார் ஃபிட்டர் அண்ணன். “அது வெறும் தகரம்.”

அத்தை அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “அளந்தது நீதானே. நீ சொல்லு. டின்னு விழுந்துச்சா, விழலையா?”

போட்டிக் கணக்கில் விழவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அத்தை போட்டிக் கணக்கைக் கேட்கவில்லை.

“விழுந்துச்சு, அத்தை” என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை எழுதப்போவதில்லை.

“அப்ப வித்தாச்சு” என்றார் அத்தை.

மாமா, “அந்த பெங்களூர்காரனுக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அவனுக்கு எதுக்கு? எனக்குதான்.” அத்தை கையை நீட்டினார். “சாவிய குடுங்க.”

மாமா கொடுத்தார். அத்தை நேராகக் காருக்குப் போய், புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, முன் சக்கரங்கள் திரும்புவதை எட்டி எட்டிப் பார்த்தார். என் கண் தானாக வலது மட்கார்டின் உயரத்துக்குப் போனது. ஃபிட்டர் அண்ணனின் கண்ணும் அங்கேதான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டோம்.

“இன்னா நின்னுகினு கீறீங்க?” என்றார் அத்தை மாமாவிடம். “அந்தப் பக்கம் ஏறுங்க. எனக்கு இஞ்சின் கெளப்ப வராது, யாராவது இத தள்ளுங்க.”

கேரம் ஆட்டக்காரர்கள் தள்ளினார்கள். அத்தை ஓட்ட, மாமா பக்கத்தில் உட்கார, பொட்டலை அப்படியே கடந்தார்கள். வாங்க வந்திருந்த பெங்களூர்க்காரர் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கோப்பையை வேறு ஒருவர் வாங்கிப் போனார். மாமாவின் நேரம் பட்டியலின் நடுவில் வந்தது.

இப்போது கார் கிடங்கில் இருக்கிறது. சாவி அத்தையிடம் இருக்கிறது. மாமா கேட்டு வாங்கித்தான் ஓட்டுகிறார். நான் கேட்காமலே கிடைக்கிறது, ஏனென்றால் ஏரிச் சாலையில் அத்தைக்குக் கற்றுக்கொடுப்பது நான்தான். அவருக்கு மூன்றாவது கியர்வரை வந்துவிட்டது, ரிவர்ஸ் இன்னும் வரவில்லை. வலது ஸ்பிரிங்கின் பேக்கிங்கை அத்தையின் எடைக்கு மாற்றியாயிற்று. முன் சக்கரங்கள் ஒரு நூல் வெளியே பார்க்கின்றன.